ஒலிக்கும் ஒரு கூற்று உண்டு: சூழலியல் ஒலிக்கலையும் கெடாத் தோட்டப்புறமும்

முன்னுரை

காடு, ஆறு, கடற்கரை முதலிய இடங்களின் ஒலிகளைக் களத்திலேயே பதிவு செய்து, அப்பதிவுகளையே கலைப்படைப்பாக்கி, அவற்றின்வழிச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வை ஊட்ட முனையும் ஒலிக்கலைஞர்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் தோன்றியுள்ளனர். இவர்கள் படைப்பதை இசை என்பதா, ஆவணம் என்பதா, அறிவியல் சான்று என்பதா என்ற வினா இன்னும் முடிவுறவில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நிலத்தின் ஒலி என்று இவர்கள் நமக்குத் தருவதில் எது இடம்பெறுகிறது, எது விடப்படுகிறது, விடப்பட்டதனால் கேட்போரின் விழிப்புணர்வு எவ்வாறு வடிவம் பெறுகிறது என்பதையே இது ஆராய முற்படுகிறது.

ஆய்வுக்குரிய உரைகல்லாகக் கெடா மாநிலத்தின் கோத்தா கோலா மூடாவும் அதனை அடுத்த தோட்டப்புறமும் கொள்ளப்படுகின்றன. மூடா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்தது கோத்தா கோலா மூடா. வடக்கே மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காடும் அதற்கப்பால் ஜெராய் மலையும் உள்ளன. உள்நாட்டுப் பக்கம் சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் தமிழர் பல தலைமுறையாக உழைத்த தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கடல், சதுப்பு, வயல், மலை, தோட்டம் ஆகிய ஐந்தும் ஒரு நாள் சுற்றுக்குள் அடங்கும் இந்நிலத்தில் இயற்கை ஒலியையும் உழைப்பொலியையும் வேறு பிரிப்பது எளிதன்று. அதனாலேயே இக்கலையைச் சோதித்துப் பார்க்க இது ஏற்ற இடமாகிறது.

கருப்பொருளாகிய ஒலி

கனடிய இசையறிஞர் முர்ரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூல் வழியாக ஒலிச்சூழல் பற்றிய ஆய்வு ஒரு துறையாக நிலைபெற்றது. கண்ணுக்குரிய நிலக்காட்சி போலக் காதுக்குரிய ஒலிநிலம் ஒன்று உண்டு என்பது அவர் கொள்கை. ஓரிடத்தில் பிறந்த ஒலியை அவ்விடத்திலிருந்து பிரித்துக் கருவிக்குள் அடைத்து வேறிடத்தில் ஒலிக்கச் செய்வதை அவர் ஒரு பிளவாகவே, ஒருவகை நோயாகவே கருதினார். ஆயினும் அவருடைய மாணவர் மரபே ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு காடுகளுக்குச் சென்றது என்பது சுவையான முரண்.

தமிழ் கற்றோர்க்கு ஒலிநிலம் என்ற கருத்து புதுமையாகத் தோன்றாது. தொல்காப்பிய அகத்திணையியல் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழின் பகுதியாகிய பண்ணையும் சேர்த்தே வைக்கிறது. உரையாசிரியர்கள் தரும் பறைப்பெயர்களை நோக்கினால் இச்சேர்க்கையின் பொருள் மேலும் தெளிவாகும். முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. ஏறு தழுவுதல், நெல் அரிதல், மீன் பிடித்தல் என அந்நிலத்து மாந்தர் செய்யும் வினையே பறைக்குப் பெயராகிறது. பறவையின் குரலும் பறையின் முழக்கமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. உழைப்பொலியை விலக்கிய தூய இயற்கை ஒலி என்ற பிரிவினை இங்கு இல்லை.

ஆயினும் இதைக் கொண்டு, மேலைநாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பறைசாற்றுவது பயனற்றது; அத்தகைய கட்டுரைகள் நம்மிடம் தேவைக்கு மேல் உள்ளன. சங்கப் புலவர் காட்டின் ஒலியைக் காட்டுக்காகப் பதிவு செய்தவர் அல்லர். அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் மூங்கில் துளையில் புகும் காற்றைக் குழலாகவும், அருவியை முழவாகவும், கலைமானின் குரலைத் தூம்பாகவும், வண்டின் ஒலியை யாழாகவும் அமைத்து, மயிலை ஆட வைத்து, மந்திகளை அவையோராக இருத்துகிறார். பல்லியம் முழுதும் ஒருங்கே ஒலிக்கிறது. ஆனால் பாட்டு சென்று சேரும் இடம் வேறு. அந்த மலைநாடனைக் கண்டோர் பலர் இருக்க, துயில் இழந்து தோள் மெலிபவள் தான் ஒருத்தியாக இருப்பது ஏன் என்று தலைவி தோழியிடம் வினவுகிறாள். காட்டின் ஒலி ஒருத்தியின் கூற்றுக்குள் வருகிறது. யார், யாரிடம், எந்நிலையில் சொல்வது என்பது தெரிந்தே நாம் அதைக் கேட்கிறோம். கருப்பொருள் வரிசையில் உழைப்பு இடம்பெறுவது, ஒலிக்குக் கூற்று இருப்பது என்ற இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இக்கால ஒலிக்கலையை அணுகலாம்.

மனிதர் இல்லாத பல்லியம்

இத்துறையில் உலகம் அதிகம் அறிந்த பெயர் பெர்னி கிராவுஸ். 1938இல் பிறந்த இவர் அமெரிக்க இசைக்கலைஞர். சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியைத் திரைப்படங்களுக்கு இசைத்தவர். 1960களின் இறுதியில் காட்டொலிப் பதிவில் இறங்கிய அவர், 5,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைத் திரட்டினார். அவற்றுள் ஏறத்தாழ 15,000 உயிரினங்களின் குரல்கள் உள்ளன. பதிவு செய்த இடங்களுள் ஏறத்தாழப் பாதியை இன்று பழைய நிலையில் கேட்க இயலாது என்பது அவரே சொல்லும் கணக்கு. காற்றும் நீரும் எழுப்புவது புவியொலி, விலங்கும் பறவையும் பூச்சியும் எழுப்புவது உயிரொலி, மனிதரும் அவர்தம் பொறிகளும் எழுப்புவது மனித ஒலி என அவர் ஒலியை முப்பிரிவாக்கினார். கேடுறாத காட்டில் ஒவ்வோர் உயிரும் தனக்குரிய அலைவரிசையையும் நேரத்தையும் தேர்ந்து, பிறவற்றின் குரலோடு மோதாமல் ஒலிக்கிறது என்பது அவருடைய கருதுகோள். உயிரியலார் இதனை முழுமையாக ஏற்கவில்லை எனினும், காட்டைக் கேட்கும் முறையை இது மாற்றிவிட்டது.

கிராவுஸின் பணியில் மிக வலிமையானது, என் கருத்தில், மிக எளிமையானதே. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்னும் புல்வெளி உள்ளது. மரவெட்டு நிறுவனம் ஒன்று, தேர்ந்த மரங்களை மட்டும் வெட்டும் புதிய முறையால் சூழலுக்குத் தீங்கு நேராது என்று அவ்வூராருக்கு உறுதி கூறியது. வெட்டுவதற்கு முன் 1988இல் ஒரு விடியலைக் கிராவுஸ் பதிவு செய்தார். வெட்டி முடித்த பின், ஓராண்டு கழித்து, அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் மீண்டும் பதிவு செய்தார். ஒளிப்படத்தில் காடு மாறவே இல்லை. ஒலிப்பதிவிலோ பறவைகளின் கூட்டொலி ஏறத்தாழ அற்றுப்போய், ஓடையின் ஓசையும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும் மட்டும் எஞ்சின. பின்னர்ப் பலமுறை சென்றபோதும் பழைய ஒலி திரும்பவில்லை என்கிறார். கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை. நிறுவனத்தின் உறுதிமொழிக்கு எதிராக இதைவிடச் சுருக்கமான மறுப்பை எழுதிக் காட்டுவது அரிது.

இதே மனிதரின் பதிவுகள் 2016இல் பாரிசின் கார்ட்டியே அறக்கட்டளையில் ‘மாபெரும் விலங்குப் பல்லியம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது வேறொன்று நிகழ்ந்தது. லண்டன் கலைக்குழு ஒன்று ஒலியலைகளை ஒளிவரைபடமாக்கிச் சுவர்களில் ஓடவிட்டது. இருண்ட அறை, ஒளிரும் கோடுகள், தொலைநாட்டுக் காடுகளின் குரல்கள். அழகு மிகுதி. ஆனால் லிங்கன் மெடோவில் இரு பதிவுகளுக்கிடையே நின்ற வினை, அதாவது வெட்டியவர் யார், எதற்காக வெட்டினர், எவர் வாங்கினர் என்பது, இங்கு மறைந்துவிடுகிறது. இழப்பு மட்டும் எஞ்சுகிறது. இழப்புக்கு எழுவாய் இல்லை. கேட்போர் துயருறுகின்றனர், அத்துயருக்காக அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கிராவுஸின் முப்பிரிவிலேயே இதற்கு வித்து உள்ளது எனலாம். மனித ஒலி என்ற மூன்றாம் பிரிவில் மரமறுக்கும் பொறியும், காட்டில் கிழங்கு தோண்டுபவளின் பாட்டும், வானூர்தியின் இரைச்சலும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. காட்டை ஒட்டி வாழும் மக்களின் இசை அக்காட்டொலியிலிருந்து பிறந்தது என்று அவர் தம் 2012ஆம் ஆண்டு நூலில் பரிவோடு எழுதியிருப்பினும், பிரிவினை அப்படியே நிற்கிறது.

உழைப்பு உண்டு, பொறி இல்லை

மனிதரை உள்ளே வைத்து ஒலிநிலத்தை அமைத்தவர் மானிடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட். பாப்புவா நியூகினியின் பொசாவி மழைக்காட்டில் வாழும் காலுலி மக்களிடையே 1976 முதல் ஆய்வு செய்து, 1982இல் அவர்களுடைய பறவைகள், அழுகை, பாட்டு ஆகியவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இறந்தோர் பறவையாகக் காட்டில் ஒலிக்கின்றனர் என்பது காலுலியர் நம்பிக்கை. அக்காளிடம் உணவு கேட்டு மறுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் புறாவாக மாறி அழுத கதையே அவர்களுடைய ஒப்பாரிக்கும் பாட்டுக்கும் மூலம். அப்புறாவின் இறங்குகுரலே ஒப்பாரியின் பண். ஒரு குரல் மற்றொன்றின்மேல் ஏறி, முந்தாமலும் பின்தங்காமலும் அடுக்கடுக்காக ஒலிப்பதே அவர்களுக்கு அழகு. காடு அவ்வாறு ஒலிக்கிறது; ஆகவே அவர்களும் அவ்வாறே பாடுகின்றனர்.

ஃபெல்ட் 1991இல் வெளியிட்ட ‘மழைக்காட்டின் குரல்கள்’ என்னும் ஒலிவட்டு இவ்வாழ்வின் ஒரு நாளை ஒரு மணி நேரத்துக்குள் அடக்குகிறது. ராக் இசைக்கலைஞர் மிக்கி ஹார்ட் அதனைத் தயாரித்தார். விடியற்காலப் பறவைகளோடு தொடங்கி, சவ்வரிசி மரத்தின் சோற்றைச் சுரண்டும் பெண்களின் பாட்டு, மரம் வெட்டும் ஆண்களின் கூவல், புதர் நீக்கும் ஒலி, மாலை மழை, இரவுச் சடங்கின் பறை எனச் செல்கிறது. இங்குத் தொழிலும் புள்ளும் பறையும் பிரியவில்லை. கருப்பொருள் வரிசையை அறிந்த ஒருவர் இதைக் கேட்டால், உரைநூல் ஒன்று ஒலிவடிவம் பெற்றதுபோல் உணரக்கூடும்.

எனினும் இவ்வட்டில் இல்லாதவை சில உண்டு. அக்காலத்தில் பொசாவியில் கிறித்தவப் பணியிடத்தின் ஒலிகளும் பொறிகளும் சிறு வானூர்திகளும் ஏற்கெனவே இருந்தன. அண்டைப் பகுதியாகிய குட்டுபுவில் எண்ணெய்த் தொழில் எழுந்துகொண்டிருந்தது. 1992இல் அங்கிருந்து எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிற்று. இவ்வொலிகளை ஃபெல்ட் வேண்டுமென்றே விலக்கினார்; விலக்கியதைப் பின்னர் மறைக்காமல் எழுதவும் செய்தார். அழியவிருக்கும் ஒரு வாழ்வின் மேன்மையை உலகுக்குக் கேட்பித்து, அழிவுக்கு எதிராகப் பரிவைத் திரட்டுவதே தம் நோக்கம் என்பது அவர் தரும் விளக்கம். வருவாயில் ஒரு பங்கு பொசாவி மக்களுக்கே சென்றது. ஆகவே இதனை ஏமாற்று என்று ஒதுக்குவது முறையன்று. ஆயினும் வானூர்தியின் ஒலியை நீக்கியபோது காலுலியருடைய அன்றைய வாழ்விலிருந்து ஒரு பகுதியும் நீங்கிற்று. அவர்கள் அந்த ஒலியையும் கேட்டனர். அதற்கும் ஏதோ ஒரு பொருள் கொண்டிருப்பர். அப்பொருளை நாம் அறிய வழியில்லை.

தொல்காப்பியம் இவ்விடத்தில் இன்னொரு கருத்தையும் தருகிறது. உரிப்பொருள் மயங்காது, மற்றவை மயங்கலாம். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்து வழங்கினால், வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளப்படும். ஃபெல்டின் ஒலிவட்டு கருப்பொருளை ஏற்கிறது, மயக்கத்தை ஏற்கவில்லை. கெடாவின் தோட்டப்புறமோ மயக்கத்தினாலேயே உருவானது.

பொறியையும் பதிவுக்குள் கொணர்ந்த முயற்சிக்கு இந்தியச் சான்று ஒன்றைக் காட்டலாம். வங்காளத்தைச் சேர்ந்த ஒலிக்கலைஞர் புத்தாதித்ய சட்டோபாத்யாய், கிழக்கிந்தியாவில் தும்பானி என்னும் இடத்தின் ஒலிகளைக் கொண்டு ‘உருமாற்றங்களில் ஒரு நிலம்’ என்று பொருள்படும் படைப்பை 2008இல் வெளியிட்டார். மேய்ச்சல் நிலமாக இருந்து தொழில்மயமாகும் ஓரிடத்தை, அம்மாற்றம் நிகழும்போதே அவர் கேட்கிறார். ஊரொலியை நல்லதென்றும் பொறியொலியைத் தீயதென்றும் எதிரெதிர் நிறுத்தாமல், ஒன்று மற்றொன்றாக ஆகிவரும் ஓட்டமாகவே நிலத்தை அமைக்கிறார். குறை என்னவெனில், அங்கு உழைப்போர் தம் குரலில் பேசும் வாய்ப்பு அதில் குறைவு. நிலம் பேசுகிறது, நிலத்தோர் ஒலியாக மட்டுமே நிற்கின்றனர்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றது தமிழ்நாட்டின் ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடி, 2017 சனவரியில் வெளிவந்த அப்பாடல் களப்பதிவுக் கலை அன்று, கருநாடக இசை. ஆயினும் அனல்மின் நிலையச் சாம்பலால் கழிமுகம் கெட்ட கதையை, புறம்போக்கு என்ற சொல் வசையாக மாறிய வரலாற்றோடு சேர்த்துச் சென்னைப் பேச்சுத்தமிழில் அது சொல்கிறது. கிராவுஸின் இருண்ட அறையில் இல்லாத எழுவாய் இதில் உண்டு. களப்பதிவுக் கலைஞர் பலர் சொல்லைக் கண்டு அஞ்சுவது ஏன் என்று இப்பாடலைக் கேட்டபின் வியக்கத் தோன்றுகிறது.

கோத்தா கோலா மூடாவில் ஒலிவாங்கி

மேற்கண்ட முறைகளுள் ஒன்றைக் கையாண்டு கோத்தா கோலா மூடாவைப் பதிவு செய்ய ஒருவர் வருவதாகக் கொள்வோம். அவர் முதலில் சந்திப்பது ‘பாசார் பிசிக்’ எனப்படும் கிசுகிசுச் சந்தையாக இருக்கும். கரைவலசைப் படகுகள் கொண்டுவரும் மீனை இங்கு ஏலம் விடும் முறை தனித்தன்மை உடையது. வாங்குவோர் ஒருவர்பின் ஒருவராக விற்பவரை நெருங்கி, தோளில் கைபோட்டு, அவர் காதில் விலையைக் கிசுகிசுக்கின்றனர். பிறர் கேட்கும்படி யாரும் விலை கூறுவதில்லை. மிகுதியாகக் கேட்டவருக்கு மீன் செல்கிறது. ஒலிவாங்கி இங்கு அலையையும், பனிக்கட்டி கொட்டும் ஒலியையும், விசையுந்தையும், காக்கையையும் பதிவு செய்யும். கடலில் மீன் குறைந்ததா நிறைந்ததா என்பதைக் காட்டும் ஒரே சொல்லாகிய விலை மட்டும் அதில் விழாது. ஓரிடத்தின் சூழலியல் உண்மை உரத்த ஒலியில்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து அவர் காதில் விழுவது உழவாரக் குருவிகளின் இடையறாத கீச்சொலி. அண்ணாந்து பார்த்தால், சாளரமற்ற உயர்ந்த கட்டடத்தின் ஒலிபெருக்கியிலிருந்து அது வருவது தெரியும். கூட்டுக்காக வளர்க்கப்படும் இக்குருவிகளை ஈர்ப்பதற்குப் பதிவு செய்த குரல்களை நாள்முழுதும் ஒலிக்கவிடுவது மலேசியக் கடலோர ஊர்கள் பலவற்றின் வழக்கம். வடகெடாவிலும் தென்கெடாவிலும் இதனைக் காணலாம். இயற்கை ஒலிப்பதிவு இவ்வூர்த் தெருவில் ஏற்கெனவே ஒரு தொழிற்கருவி. கேட்போர் பறவைகள். அகப்பாட்டுக்குக் கூற்றுக் குறிப்பு எழுதுவதுபோல் இதற்கும் எழுதினால், ‘கட்டட உரிமையாளர் குருவிக்கு உரைத்தது’ என்றுதான் எழுத வேண்டும். இவ்வொலியை நீக்கிவிட்டு இங்கு ஒரு ‘தூய’ விடியலைப் பதிவு செய்வது எளிது; அப்பதிவு அழகாகவும் இருக்கும்; பொய்யாகவும் இருக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் பிற்பகலில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மலேசியாவில் அன்று 68 உயிர்கள் மறைந்தன. சிதைந்த படகுகளைக் கொண்டு அமைத்த நினைவுச்சின்னம் இங்கு நிற்கிறது. கண்ணுக்கு நினைவுச்சின்னம் உண்டு. அலை வருமுன் கடல் எவ்வாறு ஒலித்தது என்பதைக் கேட்ட காதுகள் மட்டுமே அறியும். அவை மூப்படைந்து வருகின்றன.

கடற்கரையை விட்டு உள்ளே சென்றால் தோட்டம். தமிழர்க்குத் தோட்டத்தின் ஒலி என்பது முதலில் பெரட்டு மணி. விடியுமுன், மரத்தின் பால் நன்கு சுரக்கும் குளிர்ந்த வேளையில், தலைவிளக்கோடு நிரைகளுக்குள் சென்றவர்கள் இருளில் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது குரலால்தான். பட்டையில் உளி இழுபடும் ஒலி, மங்கு கவிழும் ஒலி, காய்கள் முற்றும் பருவத்தில் உச்சி வெயிலில் பட்பட்டென வெடித்து விதை தெறிக்கும் ஒலி, இலையுதிர் காலத்தில் நடக்கும்போது காலடியில் நொறுங்கும் சருகொலி. இவற்றுள் விதை வெடிப்பதை உயிரொலி என்பதா, மனித ஒலி என்பதா? பிரேசிலில் இருந்து 1876இல் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழித்தோன்றல் அம்மரம். அதை வரிசையில் நட்டது கூலி உழைப்பு. அதன் ஒலியைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் பேரர்கள். முப்பிரிவுக்குள் இது அடங்காது. திணைமயக்கம் என்று சொன்னால் அடங்கும். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற நாவல்கள் தோட்டப்புறப் பேச்சைக் காத்துத் தந்துள்ளன. பேச்சைச் சூழ்ந்திருந்த ஒலியைக் காக்க எழுத்தால் ஓரளவே இயலும்.

அந்த ஒலியும் பெரும்பகுதி அடங்கிவிட்டது. 1960இல் மலேசியாவில் ஏறத்தாழ 55,000 ஹெக்டராக இருந்த செம்பனைப் பரப்பு 2000இல் 3.3 மில்லியன் ஹெக்டரைக் கடந்தது; 2020இல் 5.8 மில்லியனுக்கு மேல் சென்றது. பால்மரம் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டது. செம்பனைத் தோட்டத்தின் ஒலி நுட்பமான ஆய்வுக்கு உரியது. இரவில் அங்கு அலறும் கூகை காட்டின் எச்சமன்று. எலியை ஒழிக்கத் தோட்ட நிர்வாகங்கள் பெட்டி கட்டி வளர்ப்பது, செம்பனையோடு சேர்ந்து பரவியது. பூக்களில் மொய்க்கும் சிறு வண்டு 1981இல் கேமரூனிலிருந்து கொணரப்பட்டது. அதற்கு முன் பெண்பூக்களில் மகரந்தம் தூவும் வேலையைத் தொழிலாளர், அவர்களுள் பெண்கள் பலர், கையால் செய்தனர். அவ்வண்டின் ஒலி மனிதச் செவிக்கு எட்டாத அளவு சிறியது. ஆயினும் ஒரு வேலையையே அது நீக்கிவிட்டது. ஒலிவாங்கியை மட்டும் நம்புபவர் கூகையைக் கேட்டு இயற்கை மீண்டது என்று மகிழ்வார்.

தமிழர் தம் பக்கத்தையும் இங்கு மறைக்க முடியாது. பால்மரத் தோட்டத்தை எண்ணி ஏங்கும் உணர்வு நம் கவிதைகளிலும் மேடைகளிலும் மிகுதி. அத்தோட்டமே ஒரு காட்டின் அழிவின்மேல் நின்றது, ஒற்றைப் பயிர், அடிமட்டக் கூலி. கெடாவின் பாலிங் பகுதியில் இன்றும் வாழும் கென்சியு பழங்குடியினர்க்கு நம் பெரட்டு மணியும் ஒரு பொறியொலியே. தீபகற்பத்தின் மற்றொரு பழங்குடியினராகிய தெமியாரிடையே ஆய்வு செய்த மெரினா ரோஸ்மன், சிள்வண்டின் துடிப்பொலியும் மூங்கில் குழாய்களின் தாளமும் அவர்களுடைய நோய்தீர் சடங்குகளில் ஒன்றோடொன்று இயைவதை 1991இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். அத்தகைய செவிகள் கேட்ட காடு ஒன்று தோட்டத்துக்கு முன் இங்கும் இருந்திருக்க வேண்டும். தோட்ட ஒலியைப் பதிவு செய்ய முனையும் தமிழ் ஒலிக்கலைஞர் இதனையும் கேட்பிக்கக் கடமைப்பட்டவர். கூலிக்கு வந்தவர் காட்டை விற்றவர் அல்லர் என்பது உண்மை. அவ்வுண்மையை ஒலியால் மட்டும் சொல்ல முடியாது.

ஒலிக்குரிய உரை

தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்போர் முதுகில் சுமக்கும் கைவிசைத் தெளிப்பானுக்கு ஓர் ஒலி உண்டு. நெம்புகோல் ஏறி இறங்கும் சீரான ஒலியும், அதனையொட்டி நீர்த்துளி சிதறும் மெல்லிய ஒலியும் சேர்ந்தது அது. நல்ல ஒலிவாங்கியால் பதிவு செய்து இருண்ட அறையில் ஒலிக்கவிட்டால், தூறல் என்றே பலரும் எண்ணுவர், இனிமையாகவும் இருக்கும். அத்தெளிப்பான்களில் பல ஆண்டுகள் நிறைந்திருந்தது பாராகுவாட். மலேசியா 2002இல் அதற்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. முழுத்தடை 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது. தெளித்தவர்களுள் பெரும்பகுதி பெண்கள். இவ்வளவும் அவ்வொலியில் இல்லை.

இயற்கை ஒலியைச் சொல்லால் கறைப்படுத்தக் கூடாது, கேட்போர் தாமே உணர்வர் என்பது இக்கலைஞர் பலரின் கொள்கை. தெளிப்பானின் ஒலி அக்கொள்கையை ஏற்க விடாது. லிங்கன் மெடோவின் இரு பதிவுகளும் வலிமை பெற்றது கூட அவற்றோடு இணைந்த குறிப்பால்தான்: எந்த ஆண்டு, எந்த இடம், இடையில் நிகழ்ந்தது என்ன. அக்குறிப்பை நீக்கினால் எஞ்சுவது பறவை மிகுந்த ஒரு விடியலும் பறவை குறைந்த ஒரு விடியலுமே. சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தோர் இதை வேறு வகையில் அறிந்திருந்தனர். பாட்டின் அடியில் இன்னார் இன்னார்க்கு உரைத்தது என்ற குறிப்பை வைத்த பின்னரே அதைப் பிற்காலத்தாரிடம் ஒப்படைத்தனர். பாட்டுக்குக் குறைவு நேர்ந்ததாக எவரும் கூறியதில்லை.

கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்க்கு இது தொலைவான செய்தியன்று. கைப்பேசி ஒன்றே போதிய ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட காலம் இது. ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர் ஒருவரை இன்னும் வெட்டப்படாத ஒரு நிரைக்கு அழைத்துச் சென்று, அவர் கேட்பதை அவர் சொல்ல, மாணவர் பதிவு செய்யலாம். பதிவின் அடியில் எழுத வேண்டியவை சில: நாள், நேரம், தோட்டத்தின் பழைய பெயர், இன்றைய உரிமை, அருகில் ஒலிக்கும் நெடுஞ்சாலை எது, உளி பிடித்த கை யாருடையது, எத்தனை வயதில் அவர் முதலில் நிரைக்குள் சென்றார், அன்று நாட்கூலி எவ்வளவு, களைக்கொல்லி தெளித்தவர் எவர், மரத்துக்கு முன் அங்கு என்ன நின்றது என்று அவர் தம் பெற்றோரிடம் கேட்டதுண்டா. நெடுஞ்சாலையின் இரைச்சலை நீக்க வேண்டியதில்லை.